கறித்தூள் மில்லுக்காக ஏஐ-ய காது கொடுத்து கேக்க வச்சேன்: ஒன்றரை வருஷ அனுபவம்

எங்க குடும்பத்துக்கு மலேசியாவுல, பினாங்கு மாநிலத்து பட்டர்வொர்த் பக்கம் ஒரு சின்ன மில்லு இருக்கு. மல்லி, மிளகா, சீரகம், சோம்பு, மஞ்சள் எல்லாத்தையும் வறுத்து அரைச்சு கறித்தூளா பாக்கெட் போட்டு விக்கறோம், தாத்தா காலத்துல இருந்து இதே வேலதான். பினாங்கு தீவுல லிட்டில் இந்தியாவுல ஒரு சின்ன கடையும் இருக்கு, அதுல அம்மா உக்காருவாங்க. மீன் கறித்தூள், இறைச்சி கறித்தூள், குருமாத்தூள், இந்த மூணுதான் நல்லா ஓடும். வாங்கறவங்கள்ல பாதிக்கு மேல மலாய்க்காரங்க, அப்புறம் நம்ம ஆளுங்க, நாசி கண்டார் (சோறும் கறியும்) கடைக்காரங்க, கொஞ்சம் சீனவங்க. பேர இங்க போடல, விளம்பரத்துக்காக எழுதல. ஆன்லைன்ல நம்ம பொருள பத்தி யார் என்ன பேசறாங்கன்னு பாக்க நான் ஏஐ அசிஸ்டண்ட வச்சிருக்கேன்னு தெரிஞ்சதும் கடை வச்சிருக்கற நாலஞ்சு பேரு எப்படி செய்யறன்னு கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதுக்கு ஒரே தடவயா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

ஆரம்பிச்சது 2024 ஏப்ரல்ல. அந்த மாசம் பத்தாந்தேதி ஹரிராயா (நோன்புப் பெருநாள்), எங்களுக்கு வருஷத்துலயே பெரிய வியாபாரம் அதுக்கு முந்தின மூணு வாரம்தான், எல்லாம் முடிஞ்சு அப்பா இப்பதான் உக்காந்து மூச்சு விட்டாரு. அதே நேரத்துல ஹாங்காங்ல அதிகாரிங்க சில இந்திய மசாலா பாக்கெட்டுகள்ல எத்திலீன் ஆக்சைடு இருக்குன்னு சொல்லி கடைகள்ல இருந்து எடுக்கச் சொன்னாங்க, ரெண்டு வாரத்துல சிங்கப்பூரும் ஒரு மசாலாவ திரும்ப எடுக்கச் சொல்லிடுச்சு. எத்திலீன் ஆக்சைடுங்கறது கிருமியும் பூச்சியும் சாகறதுக்கு அடிக்கற வாயு, புற்றுநோய் வர வைக்கும்னு உறுதியான பொருள், அதனால ஜனங்க பயந்ததுல தப்பே இல்ல. எங்க மில்லுல அந்த வேலையே கெடையாது, வறுக்கறோம் அரைக்கறோம் அவ்வளவுதான். ஆனா ஃபேஸ்புக்ல ஒரு அம்மா அவங்க சமையக்கட்டு அலமாரிய படம் புடிச்சு போட்டு, இருக்கற மசாலா பாக்கெட்ட எல்லாம் வரிசையா வச்சு, இதுல எத தூக்கி போடணும்னு கேட்டிருக்காங்க. அந்த வரிசையில எங்க பாக்கெட்டும் நிக்குது. கீழ நாப்பது கமெண்ட்டுக்கு மேல. எங்கள பத்தி யாரும் கெட்டதா எதுவும் எழுதல, இது எப்படி, இது பரவால்லையான்னு கேள்விதான், எங்க பக்கத்துல இருந்து பதில் சொல்ல ஒருத்தரும் இல்லாததால கடைசியில அவங்களே ஒரு முடிவுக்கு வந்து, எதுக்கு வம்பு போட்டுடுங்கன்னு சொல்லிட்டாங்க.

இதெல்லாம் நடந்து பதினோரு நாள் கழிச்சுதான் எங்களுக்கு தெரிஞ்சது. அதுவும் எப்படின்னா புக்கிட் மெர்தாஜம்ல சரக்கு எடுக்கற ஒரு மளிகைக்கடை அண்ணன் போன் பண்ணி, "உங்க பாக்கெட்ட எடுத்து உள்ள வச்சிட்டேன்மா, ஜனங்க கேக்கறாங்க, எனக்கு பதில் சொல்ல தெரியல"ன்னாரு. அப்பா அன்னைக்கு மத்தியானம் சாப்புடல. கேள்வி கேட்ட அன்னைக்கே "வணக்கம், இது எங்க பாக்கெட்டு, நாங்க அந்த வாயு அடிக்கறதில்ல, மில்லுக்கு வந்து பாருங்க"ன்னு ரெண்டு வரி போட்டிருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும்.

மொதல்ல கூகுள் அலர்ட்ஸ் போட்டேன். அது இலவசம், நம்ம பேர குடுத்துட்டா புதுசா இணையத்துல எங்கயாவது வந்தா மெயில் அனுப்பும், மேற்கோள் குறிக்குள்ள பேர போட்டா அதே வார்த்தைய மட்டும் தேடும், வேண்டாத வார்த்தைக்கு முன்னாடி மைனஸ் போட்டா அத விட்டுடும். நல்லதுதான், இன்னும் வச்சிருக்கேன். ஆனா எங்க கடைப் பேரு பாட்டி பேரு, அந்த பேரு ஊருல நூறு பொண்ணுங்களுக்கு இருக்கு, கோயிலுக்கு இருக்கு, சேலைக்கடைக்கு இருக்கு, மெயிலு வந்து குவிஞ்சுது, ஒண்ணும் நம்ம சம்பந்தம் இல்ல. இன்னொண்ணு, ஃபேஸ்புக்குள்ளயும் டிக்டாக்குள்ளயும் பேசறது அதுல பெரும்பாலும் வராது, எங்கள பத்தி பேச்சு நடக்கறதே அங்கதான். அப்பதான் ஏஐ அசிஸ்டண்ட்டுக்கு மாசம் 20 அமெரிக்க டாலர் கட்ட ஆரம்பிச்சேன், அப்போ நம்ம காசுக்கு தொண்ணூறு வெள்ளி (ரிங்கிட்) சொச்சம். எந்த கம்பெனின்னு சொல்லல, பெரிய கம்பெனிங்க பலதுலயும் கிட்டத்தட்ட இதே வசதி இருக்கு, இணையத்துல தேடற வசதியும் குறிச்ச நேரத்துல தானா வேல செய்யற வசதியும் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

மொத வாரமே ஒரு பெரிய விஷயம் புரிஞ்சுது. பேர குடுத்து தேடச் சொன்னேன், ஏழெட்டு இடம்தான் வந்துச்சு. ஒரு நாள் கடையில உக்காந்திருந்தப்போ ஒரு மலாய் அக்கா வந்து "காரி புங்குஸ் கூனிங் அடா?"ன்னு கேட்டாங்க, மஞ்ச பாக்கெட்டு கறித்தூள் இருக்கான்னு. அம்மா ஒண்ணும் சொல்லாம எடுத்து குடுத்தாங்க. நான் "எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்களாம்மா?"ன்னேன். "பின்ன, பேரு யாருக்குடி வாயில நொழையுது"ன்னாங்க. முப்பது வருஷமா அம்மாவுக்கு தெரிஞ்சது எனக்கு தெரியல. அன்னைக்கு ராத்திரி அம்மாவ பக்கத்துல உக்கார வச்சு வாங்கறவங்க எப்படி எப்படி சொல்லி கேப்பாங்கன்னு எழுதினேன், பதினாலு விதம் வந்துச்சு. மஞ்ச பாக்கெட்டு, பாட்டி படம் போட்டது, லிட்டில் இந்தியா மூலக்கடை கறி, பேரோட ரெண்டு எழுத்து மாத்தி மலாய்ல எழுதறது, சீனத்துல மஞ்ச கறின்னு சொல்றது, நம்ம பசங்க ஆங்கில எழுத்துல தமிழ் அடிக்கறது. அந்த பதினாலையும் குடுத்து தேடச் சொன்னா அறுபது இடத்துக்கு மேல வந்துச்சு. எல்லாரும் என்கிட்ட எந்த ஆப் எந்த ஆப்னு கேக்கறாங்க, நான் சொல்றது மொதல்ல கல்லாப்பொட்டியில உக்கார்றவங்கள கேளுங்க, அந்த பட்டியல் அவங்ககிட்டதான் இருக்கு.

அடுத்தது எனக்கு இன்னும் மனசு உறுத்தற விஷயம். ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம் அசிஸ்டண்ட் ஒரு ரிப்போர்ட் குடுத்துச்சு, அலோர் ஸ்டார்ல சமையல் பத்தி எழுதற ஒருத்தர் எங்க மீன் கறித்தூள்ல உப்பு அதிகம், பழைய தரம் இல்லன்னு எழுதியிருக்காருன்னு. நல்லா அழகா எழுதியிருந்துச்சு, தேதி கூட இருந்துச்சு. எங்க தூள்ல உப்பே போடறதில்ல, அத படிச்சப்பவே நான் நின்னு யோசிச்சிருக்கணும். நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவரு அலோர் ஸ்டார்ல இருவது வருஷமா சரக்கு எடுக்கற கடைக்காரருக்கு போன் போட்டு, "யாருய்யா இது, உன் கடையில வேற தூள கலந்து வச்சிருக்கியா"ன்னு கேட்டுட்டாரு. அந்த மனுஷனுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும். மறுநாள் லிங்க தேடி போனா அப்படி ஒரு பக்கமே இல்ல, அப்படி ஒருத்தர் எழுதினதுக்கு எந்த அடையாளமும் இல்ல, அதுவா கட்டி சொன்ன கதை. அப்பாவும் நானும் காடி எடுத்துக்கிட்டு அலோர் ஸ்டார் போய் நேர்ல மன்னிப்பு கேட்டோம். அவரு பெரிய மனசோட டீ வாங்கி குடுத்து அனுப்பினாரு.

அதுக்கப்புறம் அசிஸ்டண்ட்டுக்கு நிரந்தரமா ஒரு கட்டளை எழுதி வச்சேன், இத அப்படியே நீங்களும் எடுத்துக்கலாம். லிங்க் இல்லாத எதையும் சொல்லாத. ஆளுங்க எழுதினத அவங்க எழுதின மொழியிலயே எழுத்து மாறாம மொதல்ல போடு, அதுக்கு கீழ உன் அர்த்தத்த சொல்லு. எங்க கடைதானான்னு சந்தேகம் இருந்தா சந்தேகம்னு தனியா வை, எண்ணிக்கையில சேக்காத. ஒரே ஆளு மூணு இடத்துல எழுதினா ஒண்ணுன்னு எண்ணு. இந்த வாரம் ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு சொல்லு, எதையாவது நிரப்பாத. கடைசி வரிதான் ரொம்ப முக்கியம்னு நெனைக்கறேன், ஏன்னா இது கேட்டா ஏதாவது குடுத்தே ஆகணும்னு நெனைக்கற மாதிரி நடந்துக்கும். இப்படி எழுதினப்புறம் தப்பு சுத்தமா போயிடுச்சான்னா போகல, ஆனா ரொம்ப குறைஞ்சுடுச்சு, மிச்சத்த நான் லிங்க திறந்து பாக்கறேன். லிங்க திறக்காம வீட்டுல யாருக்கும் வாய தெறக்கறதில்ல.

ஒரே பேரு பிரச்சனையும் இதுலதான் வரும். தமிழ்நாட்டுல எங்க பேருலயே ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கு போல, அங்க யாரோ சாப்புட்டு வயித்தால போயிடுச்சுன்னு எழுதினது எங்க ரிப்போர்ட்ல வந்துச்சு. இப்ப நாங்க இருக்கற ஊரு, விக்கற பொருள், நாங்க செய்யாத பொருள் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன்: சமைச்ச சாப்பாடு விக்கறதில்ல, ஊறுகா விக்கறதில்ல, இந்தியாவுல கிளை இல்ல. நாம என்ன இல்லங்கறத சொன்னா பாதி குப்பை தானா போயிடும்.

இப்ப மொழி. நான் அதிகமா நேரம் போட்டது இதுலதான், ஏன்னா பினாங்குல ஒரு கமெண்ட்டுல மூணு மொழி கலந்து வரும். ஒருத்தரு "செடாப் நாக் மம்புஸ்"னு எழுதியிருந்தாரு, அதாவது சாகற அளவுக்கு ருசின்னு, அசிஸ்டண்ட் சாவுங்கற வார்த்தைய பாத்துட்டு அவசரம்னு சிவப்புல போட்டு அனுப்பிச்சு. நம்ம பையன் ஒருத்தன் தமிழ்ல "பயங்கரமா இருக்கு"ன்னு எழுதினது பயப்படறாருன்னு வந்துச்சு. சீன அங்கள் ஒருத்தர் "ஹோ ஜியாக்"னு ஹொக்கியன்ல ஆங்கில எழுத்துல அடிச்சது புரியலன்னு வந்துச்சு, நல்ல ருசின்னு அர்த்தம். இதெல்லாம் பாராட்ட தப்பா எடுத்துக்கிட்டது, நஷ்டம் ஒண்ணும் இல்ல. "ஹலால் கே?"ன்னு கேக்கறத எல்லாம் சந்தேகப்படறாங்கன்னு கெட்ட கணக்குல சேத்துச்சு. அது சந்தேகமே இல்ல, இந்த ஊருல எந்த சாப்பாட்டு பொருளுக்கும் மலாய்க்காரங்க மொதல்ல கேக்கற கேள்வி, நம்ம ஆளுங்க இதுல மாட்டெறைச்சி சேருதான்னு கேக்கறாப்ல. எங்ககிட்ட ஜாக்கிம் (அரசாங்க இஸ்லாமியத் துறை) குடுத்த ஹலால் சான்றிதழ் இருக்கு, பாக்கெட்டு பின்னாடிதான் லோகோ இருந்துச்சு, ஆன்லைன் கடையில மொத படமா அந்த பின்பக்கத்த மாத்தி வச்சேன், கேள்வி பாதியா குறைஞ்சுது.

நஷ்டம் வர இருந்தது வேற வார்த்தையில. 2025 பிப்ரவரி, தைப்பூசம் முடிஞ்சு ரெண்டாவது திங்கக்கிழம ரிப்போர்ட். மார்ச் ரெண்டாந்தேதி நோன்பு ஆரம்பம், மில்லு ராத்திரியும் ஓடுது. ரிப்போர்ட்ல சாதாரண விஷயம்னு போட்ட பகுதியில ஒரு வரி: நாலு பேர் பாக்கெட்டுக்குள்ள தூள் இருப்பதாக குறிப்பிட்டுள்ளனர். கறித்தூள் பாக்கெட்டுல தூள் இல்லாம என்ன இருக்கும்? நான் தாண்டி போயிருப்பேன், மேல அவங்க எழுதினத அப்படியே போடணும்னு கட்டள இருந்ததால அந்த மலாய் வரி கண்ணுல பட்டுச்சு. "அடா புபுக்." எனக்கு வயித்துக்குள்ள ஒரு மாதிரி ஆயிடுச்சு. இந்தோனேசியா மொழியில புபுக்னா தூள், மிளகாத்தூள், காப்பித்தூள் எல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க. நம்ம மலேசியா மலாய்ல தூளுக்கு செர்புக், புபுக்னா அரிசியிலயும் மாவுலயும் விழற வண்டு. நாலு பேரு வண்டு இருக்குன்னு எழுதியிருக்காங்க, அசிஸ்டண்ட் அத ஜகார்த்தாவுல இருந்து படிச்சிருக்கு.

உடனே நாலையும் பக்கத்துல வச்சு, எந்த ஊரு, எந்த அளவு பாக்கெட்டு, எப்ப வாங்கினதுன்னு பிரிச்சு குடுன்னு கேட்டேன், இந்த வேலய அது ரொம்ப நல்லா செஞ்சுது. ஒருத்தர் சுங்கை பட்டாணி, ஒருத்தர் கூலிம், ரெண்டு பேரு பாலிக் பூலாவ். நாலுமே ஒரு கிலோ பாக்கெட்டு. 250 கிராம்ல ஒரு புகார் கூட இல்ல. ஒரே மல்லி, ஒரே மிளகா, ஒரே நாள்ல அரைச்சது, அப்ப தப்பு தூள்ல இல்ல பாக்கெட்டுல. அப்பாகிட்ட சொன்னேன், அவரு ஒண்ணும் பேசாம ஒரு வாளியில தண்ணி புடிச்சு ஒரு கிலோ பாக்கெட்ட உள்ள அமுக்கினாரு. முட்டை முட்டையா காத்து வந்துச்சு. இருவது பாக்கெட்டு அமுக்கினோம், ஆறு காத்து விட்டுச்சு. டிசம்பர்ல ஒரு கிலோவுக்கு மட்டும் தடிப்பான பிளாஸ்டிக்குக்கு மாறினோம், சீல் மெஷின் சூட்ட ஏத்தல, வெளிய பாக்க ஒட்டின மாதிரியே இருக்கும், உள்ள ஓரத்துல சந்து.

அந்த வண்ட பத்தி மசாலா தொழில்ல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்த. சிகரெட் வண்டுன்னு சொல்லுவாங்க, பொகயிலையில விழறதால அந்த பேரு, ரெண்டு மூணு மில்லிமீட்டர் இருக்கும், செவந்த மண்ணு நிறம், தலைய கீழ கவுத்து கூனல் போட்ட மாதிரி. மல்லியும் மிளகாத்தூளும் அதுக்கு ரொம்ப புடிக்கும். நம்ம ஊரு சூட்டுக்கு முட்டையில இருந்து வண்டா வர ஒரு மாசம் சொச்சம் போதும், அதனால டிசம்பர்ல போட்ட பாக்கெட்டு பிப்ரவரியில பேச ஆரம்பிக்குது. மெல்லிய பிளாஸ்டிக்க அதுவே ஓட்ட போடும், அதான் தடிப்புக்கு மாறினோம், மாறினதுலயே இந்த கோளாறு. வீட்டுல இருக்கறவங்க பெரிய பாக்கெட்டு வாங்கினா ஒரு வாரம் ஃப்ரீசர்ல வச்சுட்டு எடுத்து இறுக்கமான டப்பாவுல போட்டா முட்டையும் செத்துரும்.

பதினோரு கடையில இருந்து 140 பாக்கெட்டு திரும்ப எடுத்தோம், நோன்புக்கு மொத வாரத்துல. தம்பி வேன்ல, நான் மோட்டர்சைக்கிள்ல. அந்த வாரம் வியாபாரம் படுத்துச்சு, ஆனா ஹரிராயாவுக்கு முன்னாடி வீடு வீடா போக இருந்த வண்டு மில்லுக்கே திரும்பிடுச்சு. அசிஸ்டண்ட் இல்லன்னா மூணு ஊருல நாலு பேரு எழுதினத நாங்க ஒண்ணா சேத்து பாத்திருக்கவே மாட்டோம், அதுக்கு நன்றி சொல்றேன், அதே நேரம் அது சொன்ன அர்த்தத்த மட்டும் படிச்சிருந்தா போயிருக்கும்.

இந்த நாலு பேர்ல பாலிக் பூலாவ் அம்மா ஒருத்தங்க கூகுள்ல ரிவ்யூ போட்டிருந்தாங்க, ஒரு ஸ்டாரு. இங்கதான் நான் செஞ்ச தப்ப சொல்லணும். அந்த சமயம் நேரம் இல்லன்னு கூகுள் ரிவ்யூவுக்கு பதில அசிஸ்டண்ட்ட எழுதச் சொல்லி, மேலோட்டமா பாத்து ஒட்டிக்கிட்டு இருந்தேன். அவங்க எழுதினது நீளமா இருந்துச்சு, நடுவுல ஒரு வரி, செத்துப்போன வீட்டுக்காரருக்கு ஓதற தஹ்லீல் விருந்துக்கு வாங்கின பாக்கெட்டு அதுன்னு. பதில்ல போனது என்ன தெரியுமா? உங்கள் கருத்துக்கு நன்றி, தொடர்ந்து சிறந்த சேவை வழங்குவோம், கடைசியில ஒரு சிரிக்கற முகம். அவங்க திரும்ப ஒரே வரி எழுதினாங்க, நான் என் புருஷன பத்தி சொல்றேன், நீங்க சிரிக்கறீங்கன்னு. அத படிச்ச ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

மறுநாள் ஃபெர்ரியில மோட்டர ஏத்தி தீவுக்கு போய், அங்கேர்ந்து மலைய சுத்தி பாலிக் பூலாவ் போனேன். வீடு எங்கன்னு அந்த ஊரு மளிகைக்கடைக்காரர் அவங்ககிட்ட கேட்டுட்டு வழி சொன்னாரு. மாக் சிக் (வயசுல பெரியவங்கள மலாய்ல இப்படித்தான் கூப்புடுவோம்) வாசல்ல நின்னு என்னயே பாத்தாங்க, நான் என்ன பேசணும்னு வழியெல்லாம் யோசிச்சு வச்சது ஒண்ணும் வரல, "மிந்தா மாஃப் மாக் சிக்", மன்னிச்சுக்கோங்கன்னு மட்டும்தான் வந்துச்சு. உள்ள கூப்ட்டு ஜாதிக்கா தண்ணி குடுத்தாங்க. வாளியில பாக்கெட்ட அமுக்கின கதைய சொன்னேன், கேட்டுட்டு, என் வீட்டுக்காரரும் உங்க தூள்தான் வேணும்னு கேப்பாரு, அதனாலதான் அன்னைக்கு அத வாங்கினேன்னாங்க. ரிவ்யூவ எடுங்கன்னு நான் கேக்கல, கேக்கவும் கூடாது. ரெண்டு நாள் கழிச்சு அவங்களே அதுக்கு கீழ, மில்லுக்காரப் பொண்ணு வீட்டுக்கு வந்துச்சுன்னு ஒரு வரி சேத்திருந்தாங்க, ஸ்டார மாத்தல. அந்த ஒரு ஸ்டாரு இன்னும் இருக்கு.

அன்னையில இருந்து பதில் நான்தான் எழுதறேன், அசிஸ்டண்ட கேக்கற வேலைக்கு மட்டும் வச்சிருக்கேன். அது எழுதற மலாய்ல எல்லாரையும் அண்டான்னு, அதாவது விளம்பரத்துல வர்ற 'தாங்கள்' மாதிரி கூப்புடும், பினாங்குல ஒரு அக்காவ யாரு அண்டான்னு கூப்புடறாங்க? தமிழ்ல கேட்டா மதிப்பிற்குரிய வாடிக்கையாளரேன்னு ஆரம்பிக்கும், கோர்ட்டுல இருந்து கடிதாசி வந்த மாதிரி. இலக்கணம் தப்பா இருந்தாலும் என் மலாய்ல எழுதறேன், "காக் (அக்கா), மாஃப், நம்பர் குடுங்க நான் கூப்புடறேன்"னு. தப்பு எழுத்து இருக்கான்னு பாக்க மட்டும் அதுகிட்ட குடுப்பேன், மாத்தி எழுதாதன்னு சொல்லிட்டு.

வேற சில விஷயம், வேகமா சொல்லிடறேன். மொதல்ல தினமும் ரிப்போர்ட் வாங்கினேன், அப்பா காலையில பசியாறறதுக்கு முன்னாடியே என்ன சொல்றாங்கன்னு கேட்டு கேட்டு ரத்தக்கொதிப்பு ஏத்திக்கிட்டாரு. இப்ப திங்கக்கிழம ஒரு தடவ, உடனே சொல்ல வேண்டியது மூணு விஷயம் மட்டும்: உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னு யாராவது எழுதினா, ஹலால பத்தி தப்பா வதந்தி வந்தா, எங்க பாக்கெட்ட மாதிரியே போலி வந்தா. மத்ததெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம்.

பூட்டின ஃபேஸ்புக் குரூப்பும் வாட்ஸ்அப்பும் அசிஸ்டண்ட்டுக்கு தெரியாது, தெரியவும் கூடாது. அதுக்கு என் அத்தை இருக்காங்க, எங்க தாமான்ல (குடியிருப்புல) இருக்கற அத்தன குரூப்புலயும். மிளகாத்தூள்ல சாயம்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்தினப்ப மொதல்ல சொன்னது அத்தைதான், அசிஸ்டண்ட் ரிப்போர்ட்ல அந்த வாரம் ஒண்ணும் இல்லன்னு இருந்துச்சு. தம்பி டிக்டாக் கமெண்ட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடுப்பான், அதுல இருக்கற பேரு, போன் நம்பர், முகம் எல்லாத்தையும் வெட்டிட்டுதான் உள்ள போடறோம். நம்ம நாட்டுல 2010 வருஷத்து தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் வியாபாரம் பண்றவங்கள கட்டுப்படுத்தும், சட்டத்த விடுங்க, நம்மள நம்பி ஆர்டர் போட்டவங்க நம்பர கொண்டு போய் எங்கயோ கொட்டறது சரியில்ல.

ஒரு தடவ பொய்யா ஒரு ஒத்த ஸ்டாரு வந்துச்சு, வாங்கினதே இல்லாத ஆளு. அப்பாவுக்கு எதிர்த்தாப்ல இருக்கறவன்தான்னு சந்தேகம், அசிஸ்டண்ட்ட கேளுன்னாரு. கேட்டா அதுவும் போட்டிக்காரரா இருக்க வாய்ப்பிருக்குன்னு நம்ம மனசுல இருக்கறதயே திருப்பி சொல்லும், அதுக்கு எப்படி தெரியும்? கூகுள்ல அந்த ரிவ்யூ மேல புகார் (ஃப்ளாக்) குடுத்தேன், அவங்க விதிக்கு விரோதமா இருந்தாதான் எடுப்பாங்க, கெட்டதா எழுதினாங்கங்கறதுக்காக எடுக்க மாட்டாங்க. சொந்தக்காரங்க குரூப்புல எல்லாரையும் அஞ்சு ஸ்டாரு போடச் சொல்லலாம்னு சித்தப்பா சொன்னாரு, வேண்டாம்னு கண்டிப்பா சொல்லிட்டேன். அது விதிக்கும் விரோதம், படிக்கறவங்கள ஏமாத்தறதும் கூட.

இன்னொண்ணு இப்ப புதுசா பாக்கறேன், ஜனங்க கூகுள்ல தேடறதுக்கு பதிலா ஏஐ-கிட்டயே பினாங்குல எந்த கறித்தூள் நல்லதுன்னு கேக்கறாங்க. நான் எங்கள பத்தியே வேற வேற அசிஸ்டண்ட்கிட்ட கேட்டு பாத்தேன், ஒண்ணு எங்கள ஈப்போவுல கொண்டு போய் வச்சிருச்சு, நாங்க செய்யாத மீன் கறி பேஸ்ட்ட எல்லாம் புகழ்ந்துச்சு. கூகுள் பிசினஸ் பக்கத்துல விலாசம், நேரம், பொருள் பட்டியல் எல்லாத்தையும் சரி பண்ணி, சொந்த வெப்சைட்ல ஒரு பக்கம் மலாய், தமிழ், இங்கிலீஷ் மூணுலயும் தெளிவா எழுதி வச்சேன். ரெண்டு மூணு மாசத்துல ஊரு சரியாச்சு, பேஸ்ட்டு இன்னும் ஒரு இடத்துல இருக்கு. மாசம் ஒரு தடவ கேட்டு பாத்துக்கறேன்.

புபுக் விஷயத்துக்கு அப்புறம் வார்த்தைப் பட்டியல் ஒண்ணு வச்சிருக்கேன், தப்பா புரிஞ்சுக்கிட்ட ஒவ்வொரு வார்த்தையும் அர்த்தமும், திங்கக்கிழம ரிப்போர்ட்டுக்கு முன்னாடி அத படிச்சுட்டு ஆரம்பின்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னைக்கு காலையில 63-வது வார்த்தை சேத்தேன். ஒரு பையன் எங்க பாக்கெட்டு படத்த போட்டு "ஜோம் பெக்கெனா காரி"ன்னு எழுதியிருந்தான். கெனான்னா ஏதோ பாதிப்பு பட்டுடுச்சுன்னு எடுத்துக்கிட்டு, வாடிக்கையாளருக்கு கறியால் பாதிப்பு, உடனே கவனிக்கவும்னு காலங்காத்தால செய்தி அனுப்பிருச்சு. பட்டியல்ல எழுதி வச்சேன்: ஜோம் பெக்கெனா, பினாங்கு, கெடா பக்கத்து பேச்சு, வாங்க சாப்புடலாம்னு கூப்புடறது.